இப்போது படுத்திருக்கும் வீடு

சிவப்புப் பொட்டை ஒட்டி, பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்திக் கையை எடுத்த பிறகுதான் குருநாதனுக்கு உறைத்தது, அது தன் வீடு. நகராட்சி மன்றக் கூடத்தின் சுவரில் ஆறடிக்கு நாலடியில் ஊர் தொங்கிக்கொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அவர் கையாலேயே வரைந்து, அழித்து, மறுபடி வரைந்த ஊர். அதில் பதினோராவது வார்டில், கீழ முடுக்கில், கதவு எண் பதினாலில், மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு. நூர்ஜஹான் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசிக்க வாசிக்க இவர் காது கேட்கும், கை ஒட்டும், நடுவில் மூளைக்கு வேலை கிடையாது. கொரோனா வந்து வரைவாளர் குருநாதனை இந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி இரண்டு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. இன்றைக்கும் காது கேட்டது, "பதினொண்ணாவது வார்டு, கீழ முடுக்கு, பதினாலு, பெண், நாப்பத்தாறு" என்று. கை பாட்டுக்குப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. வீட்டில் அவர் ஒரு ஆள்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூக்கில் குச்சி விட்டுப் பார்க்கவும் இல்லை. பெண் என்றால் எந்தப் பெண்? அந்த வீட்டில் பெண் கிடையாது, ஆறு வருஷமாகக் கிடையாது. "பேரு என்னம்மா சொன்ன?" என்று கேட்டார், தெரிந்துகொண்டே. "பேரு இன்னும் சொல்லலையேண்ணே. தவமணி. போன் நம்பர் இருக்கு. அட்ரஸ் சரிதானான்னு நான் கேக்கவா, நீங்க கேக்குறீங்களா?" நூர்ஜஹான் தலையைத் திருப்பவில்லை. அவள் ஒப்பந்தத்தில் வந்தவள், இரண்டு மாதப் பழக்கம். டிராயிங் அண்ணன் தனிக்கட்டை, மத்தியானம் தயிர்சோறு, அதோடு சரி. கதவு எண் பதினாலு யாருடையது என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள். "நான் பாத்துக்கிறேன்" என்றார். மணி நாலு பத்து. ஐந்து மணிக்கு இந்தச் சுவரைப் படம் பிடித்து ஆணையருக்கு அனுப்ப வேண்டும்.

பொட்டு வந்த கதையே தனி. முதல் வாரம் ஆணையர், "எங்க எவ்வளவுன்னு ஒரே பார்வையில தெரியணும், நாளைக்கே மேப் வேணும்" என்று சொன்னபோது ஊரில் கடைகண்ணி எல்லாம் அடைத்துக் கிடந்தது. கலர் ஊசி கிடையாது, குண்டூசிகூடக் கிடையாது. நூர்ஜஹான்தான் யோசனை சொன்னாள். "ஸ்டிக்கர் பொட்டு இருந்தா ஒட்டிரலாம்ண்ணே. எங்க வீட்டுல கேட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மறுநாள் காலையில் தனிக்கட்டை குருநாதன் சட்டைப் பையிலிருந்து நாலு அட்டை பொட்டு எடுத்து மேஜையில் வைத்தபோது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் வாங்கினேன் என்றார். பொய். பீரோவின் இரண்டாவது இழுப்பறையில், கல் உப்பு நிறத்து ரப்பர் வளையம் போட்டு, தவமணி வைத்துவிட்டுப் போனபடி இருந்த பொட்டு. சிவப்பு இரண்டு அட்டை, பச்சை ஒன்று, கறுப்பு ஒன்று. பச்சைச் சேலைக்குப் பச்சைப் பொட்டு வைப்பாள். கறுப்பு எதற்கு வாங்கினாள் என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்டதும் இல்லை. சிவப்பு நோயில் இருப்பவர்களுக்கு, பச்சை குணமானவர்களுக்கு, கறுப்பு, சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷத்துப் பசை காய்ந்துபோயிருந்ததால் மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மேப்பில் ஒரு நோயாளி இல்லை, எல்லோரும் தரையில் கிடந்தார்கள். நூர்ஜஹான் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரே ராத்திரியில ஊரைச் சுத்தம் பண்ணிட்டீங்கண்ணே." பிறகு கோந்து தடவி ஒட்டினார்கள். அப்புறம் ஃபேன்சி கடைக்காரரைப் பாதி ஷட்டர் தூக்கச் சொல்லிப் புது அட்டைகள் வாங்கினார்கள். இப்போது ஒட்டினது எந்த அட்டை? புதுசா, இழுப்பறையில் இருந்ததா? கோந்து தொட்டோமா, தொடவில்லையா? விரலை முகர்ந்து பார்த்தார். சானிடைசர் வாசனைதான் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று அவரையே கேட்டுக்கொண்டார். பீரோ கண்ணாடியின் ஓரத்தில் அவள் குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டிவைத்த பொட்டுகள் ஒன்பது இன்னும் இருக்கின்றன. அவற்றை மட்டும் அவர் கொண்டுவரவில்லை.

பொட்டுக்கு அடியில் நிறம். வார்டுக்கு வார்டு கலர் பென்சிலால் தீட்டியது, வெளிறிய ஆரஞ்சில் தொடங்கிச் செங்கல் நிறம் வரைக்கும். அதிலும் முதலில் ஒரு கூத்து நடந்தது. "ஏழாவது வார்டுல நாப்பது பேரு, பன்னெண்டாவது வார்டுல பன்னெண்டு பேரு, ஏழுதானே அடர்த்தியா இருக்கணும்? நீங்க தலைகீழா தீட்டியிருக்கீங்க" என்றார் ஆணையர். "சார், ஏழுல ஒன்பதாயிரம் ஜனம், பன்னெண்டுல ஆயிரத்து நூறு. அண்டா சாம்பார்ல ஒரு கை உப்பும், கிண்ணிச் சாம்பார்ல ஒரு கை உப்பும் ஒண்ணா சார்?" என்று கேட்டுவிட்டார் குருநாதன். அவ்வளவு நீளமாக ஆணையரிடம் அவர் பேசியதே இல்லை. தவமணி இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள். "அண்டா, கிண்ணின்னு நீங்களா பேசினீங்க?" என்று மோவாயில் கை வைத்திருப்பாள். அப்புறம் இன்னொன்று கண்டுபிடித்தார். முதல் பதினைந்து நாள் பொட்டுகள் எல்லாம் பழைய ஊரிலேயே, தேரடியைச் சுற்றியே விழுந்துகொண்டிருந்தன. அந்தத் தெருக்களில் பாதி வீடு பூட்டு. பூட்டின வீட்டுக்கு எப்படிக் காய்ச்சல் வரும் என்று உட்கார்ந்து யோசித்தால், பரிசோதனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆதார் அட்டையைக் காட்டுகிறார்கள், அதில் இருக்கிற விலாசம் பட்டியலில் ஏறுகிறது. கட்டிக்கொடுத்துப் பத்து வருஷமான பெண்ணுக்கு அதில் அப்பா வீடு. பைபாஸ் பக்கம் ஷெட்டில் படுத்து லோடு இறக்குகிறவனுக்கு அண்ணன் வீடு. மில் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கு இடிந்துபோன பூர்வீக வீடு. ஜனங்கள் விட்டுவந்த இடத்தில் எல்லாம் தெருவை மறித்துத் தகரம் அடித்துக்கொண்டிருந்தோம், இருக்கிற இடத்தில் நோய் காலை நீட்டிப் படுத்திருந்தது. அன்றிலிருந்து ஒட்டுகிற ஆளே சந்தேகமான விலாசத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. கேட்கிற வாக்கியத்தைக்கூட அவர்தான் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "நகராட்சியிலருந்து பேசுறோம். ஆதார் அட்ரஸ் வேணாம். இப்ப நீங்க எந்த வீட்டுல படுத்திருக்கீங்களோ, அந்த வீட்டைச் சொல்லுங்க." இரண்டு மாதத்தில் முந்நூறு பேரையாவது கேட்டிருப்பார். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி பச்சை கேட் என்பார்கள், வேப்பமரம் வெட்டின வீடு என்பார்கள். ஒருத்தர் குரலை இறக்கி, "சார், அந்த வீட்டைச் சொல்றேன், வீட்டுக்குத் தெரிய வேணாம்" என்றார். பொட்டை நகர்த்த நகர்த்தப் பழைய ஊர் வெளுத்து, மார்க்கெட்டைச் சுற்றியும் மில் பக்கமும் செங்கல் நிறம் ஏறிற்று. அதற்குப் பிறகுதான் காய்ச்சல் பார்க்கிற பெண்கள் சரியான வாசலில் போய் நின்றார்கள்.

பொட்டு எங்கேயோ, அந்தப் பெண்கள் அங்கே. விரலில் மாட்டுகிற மெஷின், மாத்திரைப் பை, கபசுரக் குடிநீர் பொட்டலம், எல்லாம் பொட்டு இருக்கிற வாசலுக்குத்தான் போகும். நாளைக் காலையில் கீழ முடுக்குக்கு ஒருத்தி வந்து பதினாலாம் நம்பர் கதவைத் தட்டுவாள். குருநாதன் வேட்டியோடு வந்து திறப்பார். "தவமணி இருக்காங்களா?" என்பாள். இல்லை என்பார். இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவாள். தவமணி எங்கே கிடக்கிறாளோ அங்கே யாரும் போக மாட்டார்கள். அது ஒன்று. இன்னொன்று, கீழ முடுக்கில் ஏற்கெனவே இரண்டு பொட்டு. மூன்று ஆனால் தகரம். முனையில் இட்லி விற்றுப் பிழைக்கிற ராக்கம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான், ஆறாம் நம்பர் வீட்டில் நிறைமாதப் பெண் இருக்கிறாள். ராக்கம்மாவையும் நிறைமாதத்தையும் முன்னால் நிறுத்திக்கொண்டு அவர் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார், அவர்களுக்காகத்தான் போன் பண்ண வேண்டும் என்று. அட மனுஷா. உன் பெண்டாட்டிக்குக் காய்ச்சல், அதைச் சொல்ல உனக்கு இட்லிக்காரி துணை வேண்டியிருக்கிறது. காய்ச்சல் என்றதும் அந்தக் கொசு வருஷம் வந்து நின்றது. ஊரே கைகால் மூட்டு பிடித்து முடங்கிய வருஷம். தவமணிக்கு ஆறு நாள் காய்ச்சல். காலையில், மத்தியானம், சாயங்காலம், படுக்கும்முன் என்று நாலு வேளையும் தெர்மாமீட்டர் வைத்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்து, பென்சிலால் கோடு இழுத்து, மேலே தேதி, பக்கத்தில் டிகிரி. டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, "இப்படி ஒரு சார்ட் நர்ஸுகூடப் போட மாட்டாங்க" என்றார். குருநாதனுக்கு அன்று தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து தவமணியிடம் காட்டினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "ஜொரத்தை எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கீங்க. எனக்கு எங்க வலிக்குதுன்னு ஒரு தடவை கேட்டீங்களா?" என்றாள். மூட்டு வலி இந்த நோயில் எல்லோருக்கும் இருக்கிறதுதானே, கேட்க என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அதை இன்று நினைத்தாலும் காது மடல் சுடுகிறது. அந்தக் கிராஃப் தாளை அவள் எங்கே வைத்தாள், கிழித்தாளா, அடுப்பில் போட்டாளா? இழுப்பறையில் பொட்டு இருந்தது, அது இல்லை.

அதற்காக அவள் உடனே போய்விடவில்லை. அடித்ததும் இல்லை, குடித்ததும் இல்லை, குருநாதனிடம் குற்றம் கண்டுபிடிக்க நாலு பேர் கூடிப் பேசினாலும் முடியாது. பேச்சு ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் சாப்பாடு, கரண்ட் பில், கேஸ் சிலிண்டர் என்று மூன்று வார்த்தையில் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, இவர் ஷேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போது, கையில் ஒரு பையோடு வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன்" என்றாள். ம் என்றார், முகமெல்லாம் நுரை. கடைக்கு என்று நினைத்தார், அக்கா வீட்டுக்கு என்று நினைத்தார். மூன்றாம் நாள்தான் அலமாரியில் சேலைகள் இல்லாததைப் பார்த்தார். போயிட்டு வர்றேன். இந்த ஒரு வார்த்தையை ஆறு வருஷமாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வர்றேன் என்றுதானே சொன்னாள்? ஆனால் யார்தான் போறேன் என்று சொல்வார்கள்? சாகக் கிடக்கிறவர்கூட ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்போது போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்கிறார். வாய்ப்பழக்கம். வாய்ப்பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் ஆறு வருஷம் ரேஷன் கார்டில் பெயரை எடுக்காமல் இருப்பானா? இருந்தான். ரேஷன் கடையில் கேட்டபோது, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாள் என்றும், திரும்ப இந்த ஊருக்கே வந்து எங்கோ வேலை பார்க்கிறாள் என்றும் காதில் விழுந்தது. அதற்கு மேல் விழாமல் பார்த்துக்கொண்டார். டீக்கடையில் ஒருத்தர், "அண்ணே, நேத்து நம்ம தவமணி அக்காவைப் பாத்தேன், எங்கன்னா" என்று ஆரம்பித்தபோது, டீ பாதியில் இருக்க கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். எந்தத் தெரு என்று தெரிந்தால் அந்தத் தெருவில் போகத் தோன்றும். போகாமல் இருந்தால் போகவில்லையே என்று இருக்கும். தெரியாமல் இருப்பதையே ஒரு உத்தியோகமாகச் செய்தார் குருநாதன், சம்பளமில்லாத உத்தியோகம், ஒரு நாள் லீவு போடவில்லை. ஊரில் எந்தச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த முடுக்கு எத்தனை அடி அகலம், எந்த வீட்டுச் சுவர் தெருவுக்குள் ஒன்பது அங்குலம் துருத்திக்கொண்டிருக்கிறது, எல்லாம் தெரியும். கட்டினவள் எந்த வீட்டில் படுக்கிறாள் என்பது தெரியாது.

நாலு முப்பத்தைந்து. மின்விசிறி மேப்பின் கீழ் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வெளியே ஆட்டோவில் கட்டிய குழாய், முகக்கவசம் அணியுங்கள், கைகளைக் கழுவுங்கள் என்று சொல்லிக்கொண்டே தேரடிப் பக்கம் போய் மங்கியது. சொல்லிவிடலாமா நூர்ஜஹானிடம், நீயே கேட்டுவிடு என்று? அவள் கேட்பாள், எழுதித் தருவாள், இவர் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தயிர்சோறு கரைத்துக் குடிக்கலாம். பாதகமில்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் நூர்ஜஹான் குரலில் அந்தக் கேள்வி போய், அந்தப் பதில் நூர்ஜஹானுக்கு வந்து, அப்புறம் அது துண்டுச் சீட்டில் இவருக்கு வருவதை நினைத்தால் மனசு ஒப்பவில்லை. பட்டியலைக் குனிந்து பார்த்தார். மாதிரி எடுத்த தேதி நாலு நாளைக்கு முந்தியது. நாலு நாளாக. சளி எடுக்கப் போய் வரிசையில் நிற்கிற அளவுக்கு வந்திருக்கிறது என்றால் அதற்கு முன்னால் இரண்டு நாளாவது காய்ந்திருக்கும். ஆறு நாள். மறுபடி ஆறு நாள். அவள் சும்மா போய் நிற்கிற ஆள் இல்லை, தலைவலி மாத்திரையை உடைத்துப் பாதி போடுகிறவள். கஞ்சி யார் வைத்துக் கொடுத்தார்கள்? பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? யாராவது என்றால் யார்? அந்த நினைப்பும் வந்தது, வந்ததும் வெட்கமாக இருந்தது, பிறகு, யாராவது இருந்தால் நல்லதுதானே, இருக்கட்டுமே, தண்ணி எடுத்துக் கொடுக்க ஒரு கை என்று மனசு வேறு பக்கம் திரும்பிற்று. மேப்பில் கறுப்பு ஏழு இருந்தது. ஏழு பேரையும் அவருக்குத் தெரியும், அதாவது விலாசம் தெரியும். போன வாரம் எட்டாவது வார்டில் ஒரு சிவப்பை உரித்துவிட்டுக் கறுப்பை ஒட்டும்போது, அந்த ஆள் போனில் பேசிய குரல் நினைவு வந்து ஒரு நிமிஷம் நின்றார். "கோழிக்கடை சந்து சார், எதுக்கும் ஒரு ஆளை அனுப்பி வைங்க." அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கறுப்பு. இழுப்பறையில் இருந்த அந்தக் கறுப்பு அட்டையில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அவள் வாங்கிய பொட்டு. எதற்கு வாங்கினாள்? பயம் வந்துவிட்டது. முந்நூறு பேரைக் கேட்ட கேள்விதானே, முந்நூற்று ஒன்றாகக் கேள் என்று சொல்லிக்கொண்டு ஆபீஸ் போனை இழுத்து வைத்து, எண்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். கடைசி எண்ணில் விரல் நின்றது. அமுக்கினார்.

நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். முதலில் இருமல்தான் வந்தது.

"நகராட்சியிலருந்து பேசுறோம்." மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்து வாசித்தார். "ஆதார் அட்ரஸ் வேணாம். இப்ப நீங்க எந்த வீட்டுல படுத்திருக்கீங்களோ, அந்த வீட்டைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு காக்கை கத்தியது, அதுகூடக் கேட்டது.

"இதைக் கேக்க ஆறு வருசமா?" என்றாள் தவமணி.

நூர்ஜஹான் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். குருநாதன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். "ஆமா" என்றார். வேறு என்ன சொல்ல. ஆமாதான்.

"காளவாசல் தெரு. மாவு மில்லு இருக்குல்ல, அதுக்கு மேல மாடி ரூம்பு. மில்லுலதான் வேலை. மொளகாப் பொடி பாக்கெட் போடுறது." நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். "பேரைப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டீங்களா, பாக்காமயா?"

"வீட்டுக்குப் பொட்டு வச்சிட்டேன். வச்சிட்டுத்தான் பாத்தேன்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. மூச்சு விடாம ஒண்ணுலருந்து எண்ணு, பாக்கலாம். எல்லாரையும் எண்ணச் சொல்றதுதான்."

"நோட்டுல எழுதப் போறீங்களா?"

"இல்ல. எழுதல. நீ எண்ணு."

எண்ணினாள். பத்துக்குக் கீழே நின்றால் உடனே வண்டி அனுப்ப வேண்டும் என்பது இந்தக் கூடத்தில் வைத்திருந்த கணக்கு. ஒன்று, இரண்டு என்று அவள் சொல்லச் சொல்ல இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஏழில் குரல் கரகரத்தது. எட்டு, ஒன்பது. பத்து வந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று போய் பதினேழில் இருமல் வந்து விழுந்தது. "பதினேழு" என்று வாய்விட்டுச் சொல்லிக் குருநாதன் மூச்சை விட்டார். மேஜையில் பென்சில் இருந்தது, தாள் இருந்தது, எழுதவில்லை. இருமல் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு, அந்தக் கண்ணாடிக்கு அடியில் இல்லாத கேள்வியைக் கேட்டார்.

"எங்க வலிக்குது?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "முதுகுல" என்றாள். "தோள்பட்டைக்குக் கீழ. ரெண்டு பக்கமும். திரும்பிப் படுத்தா இங்கிட்டு வலிக்குது, இல்லாட்டி அங்கிட்டு."

"இரு, லைன்ல இரு" என்று ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு மேப் பக்கம் எக்கினார். வயர் அவ்வளவு தூரம் வந்தது. கதவு எண் பதினாலிலிருந்து பொட்டை நகத்தால் நெம்பினார். பழைய அட்டைதான் போல, கோந்து தடவினது, காகிதத்தில் ஒரு தோல் உரிந்துகொண்டு வந்து வீடு இருந்த இடம் வெள்ளையாக நின்றது. போகட்டும். பத்தொன்பதாவது வார்டு, காளவாசல் தெரு, மாவு மில். அங்கே மில் இருக்கிறது, மாடி இல்லை. இருக்காது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவரே டேப் பிடித்து அளந்து, மாடி அறைக்கு அனுமதி இல்லை, படிக்கட்டு விதிப்படி இல்லை, ஒவ்வொரு படியும் பத்து அங்குலம், கைப்பிடிச் சுவர் கிடையாது என்று சிவப்பு மையில் எழுதி, மேப்பில் ஏற்றாமல் விட்ட அறை. அதற்குள்தான் இருந்திருக்கிறாள். பென்சிலை எடுத்து மில்லுக்கு மேல் ஒரு சின்னக் கட்டம் போட்டார். கோடு கோணலாக வந்தது, அழிக்கவில்லை. அதன் நடுவில் பொட்டை வைத்து அழுத்தினார். "அண்ணே" என்றாள் நூர்ஜஹான், திரையைப் பார்த்தபடி. "பதினேழுன்னா வீட்டுலயே வச்சுப் பாக்கலாம். ஆனா பராமரிப்பவர்னு ஒரு கட்டம் இருக்கு. கூட யாரும் இல்லைன்னா ஸ்கூல் சென்டருக்குத்தான் எழுதணும். கேட்டுச் சொல்லுங்க." அவர் கேட்கவில்லை. ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "குருநாதன்னு எழுது" என்றார். அவள் அடித்தாள். "உறவு?" என்றாள், அடித்துக்கொண்டே. "கணவர்" என்றார். தட்டச்சுச் சத்தம் நின்றது. நூர்ஜஹான் இப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள், பிறகு மேப்பில் உரிந்த வெள்ளையைப் பார்த்தாள், மறுபடி திரும்பிக்கொண்டாள். "உங்க போன் நம்பர் எனக்கு மனப்பாடம்" என்றாள். "கூட இருக்குறவங்களும் பதினேழு நாளைக்கு வெளிய வர முடியாதுண்ணே, தெரியும்ல? மேப்பு?" "நீ ஒட்டும்மா. ஒட்டுறதுக்கு முன்னாடி கூப்பிட்டுக் கேட்டுரு." மேஜையிலிருந்து விரல் மெஷின் ஒன்றையும் மாத்திரைப் பை ஒன்றையும் எடுத்து அவளே அவர் பக்கம் தள்ளி வைத்தாள். "இன்னொரு முகக்கவசமும் எடுத்துக்கங்க. ரெண்டு போட்டுட்டுத்தான் உள்ள போகணும்." அவளுடைய மேஜை மூலையில் கிடந்த ஒரு பொட்டலம் ரஸ்க்கையும் அந்தப் பைக்குள் திணித்தாள். நாலு ஐம்பத்திரண்டு.

கையை எடுத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தார். அவள் மூச்சு விடுவது கேட்டது.

"சென்டருக்கு அனுப்பப் போறீங்களா?" என்றாள் தவமணி. "அங்க வேணாம். அங்க எனக்குப் பயமா இருக்கு."

"இல்ல. வீட்டுலயே இருக்கலாம். பாத்துக்க ஆள் போட்டாச்சு."

"யாரைப் போட்டிருக்கு? மில்லுல யாரும் வர மாட்டாங்களே."

"நாந்தான்" என்றார் குருநாதன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்து ரிசீவரைக் காதோடு வைத்து அழுத்தினார். மறுபடி அந்தக் காக்கை. கட்டிலோ, பாயோ, அவள் புரண்டு உட்காருகிற சத்தம்.

"படி ஒசரம் ஜாஸ்தி" என்றாள். "பிடிச்சுக்கச் சுவரும் கெடையாது. பாத்து ஏறி வாங்க."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.

"சரி" என்றார்.